திறந்து காட்டுங்க

ஒரு நாளைக்கு நானூறு தரமாவது சொல்வேன்.
பள்ளி விடுமுறையென்றால் கணக்கில்லை.
சுங்கை மெலாத்தி நீர்ப்பூங்கா வாசலில்
ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு குடை,
பையைக் கிளறிப் பார்க்க மீ கடையில் வாங்கிய குச்சி.
எங்கள் இயந்திரம் அதுதான்.

வெளிச் சாப்பாடு கூடாதென்று மூன்று மொழியில் பலகை.
எல்லாரும் அதை வாசித்த பிறகுதான்
சோற்றைத் துண்டுக்குள் சுருட்டுகிறார்கள்.
பிள்ளையின் டயப்பர் பையில் நெத்திலிச் சம்பல்,
பாய் மடிப்பில் அவித்த முட்டை.
புது மாப்பிள்ளை ஒருவர்
மிதவை வளையத்தின் நடுவே ஒரு முழுக் கோழியோடு வந்தார்,
மாலை போட்டுக்கொண்டதுபோல.
மூக்குக்குத் தெரியும்,
கை தெரியாத மாதிரி நடிக்கும்.
லிம் மேனேஜர் நிற்கும் நாளில் மட்டும்
இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

போன மாதம் கம்பெனிச் சுற்றுலா.
தெற்கே, ஆறு மணி நேரம் பஸ், பெரிய பூங்கா.
பன்னிரண்டு ஜாகாக்கள், சீருடை இல்லாமல்,
ஒருவரையொருவர் புதிதாய்ப் பார்த்தபடி வரிசையில் நின்றோம்.
வளைந்து வளைந்து போகும் கயிறு,
தலைக்கு மேல் கூரை,
பூந்தூறல் தெளிக்கும் விசிறிகள்.
தொழில்காரி அல்லவா, மனசுக்குள் மார்க் போட்டேன்.
நிழலுக்குப் பத்துக்குப் பத்து.
எங்கள் வாசலில்
வெயிலுக்கு மட்டும்தான் இலவச அனுமதி.

என் பை ஒரு கறுப்பு வாய்க்குள் போய்
மறுபக்கம் வெளியே வந்தது.
திரையைப் பார்த்தவள் என்னைப் பார்க்கவில்லை.
என் வாழைப்பழம் அவளுக்கு
ஆரஞ்சு நிறத்தில் தெரிந்திருக்கும்.
எதுவும் கேட்கவில்லை.
கேட்காததுதான் மரியாதை என்றாள் நோர்ஹயாத்தி.
எனக்கென்னவோ
வீட்டுப்படி ஏறியவளை
வாங்க என்று சொல்லாத மாதிரி இருந்தது.

அடுத்து அந்த வளைவு.
நுழைந்தேன், கத்தியது.
கடிகாரத்தைக் கழற்றினேன், கத்தியது.
வளையலை, பெல்ட்டை,
செருப்பைக்கூட.
பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது;
அந்தப் பெருமூச்சை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து
நான் கேட்டதே இல்லை.

முழங்காலில் கம்பி இருக்கு என்றேன்.
செம்பனைக் குலை ஏற்றிய காலத்தில்
டிராக்டர் பெட்டியிலிருந்து விழுந்தது.
தோட்டக் கணக்கில் அது அன்றே முடிந்த செலவு.
மழைக்கு முந்தின இரவுகளில்
நான் இன்னும் வட்டி கட்டுகிறேன்.

திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள் ஒருத்தி.
சட்டையில் தேவஷினி என்ற பெயர்ச் சீட்டு,
இருபது வயதிருக்கும்.
கைக்கருவி முழங்காலருகே பாடியது.
அவள் தயங்கி, தமிழில்,
"அக்கா, திறந்து காட்டுங்க" என்றாள்.

கால்சட்டையைச் சுருட்டினேன்.
எட்டு வருடத்தில் டாக்டர் தவிர யாரும் பார்க்காத தழும்பு
அந்த வெள்ளை விளக்கில்
இன்னும் நீளமாய்த் தெரிந்தது.
"வலிக்குமா?"
விதிப் புத்தகத்தில் அந்தக் கேள்வி கிடையாது.
எனக்குத் தெரியும்,
நான் படித்திருக்கிறேன்.

உள்ளே ஆட்டங்கள் இருந்தன.
அதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை, எங்கள் வாசல், முதல் ஆள்.
குலை வெட்டுகிற வங்காளதேசத்துக்காரர்,
தனியாக.
பையில் துண்டு, சோப்பு,
மூடி சூடாயிருந்த ஒரு தூக்குச்சட்டி.
லிம் வேறு நிற்கிறார்.
"வாங்க" என்றேன் முதலில்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
பழக்கம்போல் தானே பையைத் திறந்தார்.

குச்சியைத் தொடவில்லை.
சட்டியை மேசைக்கடியில் வைத்து
பதினேழாம் எண் வில்லையைக் கொடுத்தேன்.
மதியம் தலை ஈரத்தோடு வந்து வில்லையை நீட்டினார்.
என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்,
பருப்பும் பொரித்த மீனும்.
ஒரு துண்டு எனக்கும்.

குடை இரண்டு பேருக்குப் போதவில்லை.